கழுத்துக்கு ஏற்ற முக்காலி

வின்னெட், மொன்டானா
பிப்ரவரி 9

டேய் கர்ட்,

போன் செய்தால், "பட்டறையில ஆள் நிக்குதுக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். லூயிஸ்டவுனில் அத்தனை பேருக்கா வெல்டிங் வேலை இருக்கிறது? கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

நேற்று தீவனக் கடையில் மாடுகளுக்கு உப்புக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைக்கார ஆல்வின் சாவகாசமாகப் பக்கத்தில் வந்து நின்றான். "என்ன மார்லிஸ், ரவுண்டப்ல நடக்கற சுடும் போட்டிக்கு உன் தம்பி இந்த வருஷம் டாரலோட ஜோடி சேர்ந்துட்டானாமே? நீ போகலையா?" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "ஆமா, நான்தான் அவனைப் போகச் சொன்னேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. என் மானத்துக்காகச் சொன்னேன்.

கன்று போட வந்த பசு கதவோடு சேர்த்து என்னை மோதியது உண்மை. கழுத்தில் இரண்டு எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள், அதுவும் உண்மை. குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்த என்னால் முடியாது. ஆனால் துப்பாக்கி சுட முடியாது என்று எந்த டாக்டர் சொன்னான்? நீ சொன்னாய். அதையும் என்னிடம் சொல்லவில்லை, ஊரிடம் சொல்லியிருக்கிறாய்.

நான் யோசித்து வைத்திருக்கிறேன், கேள். எல்லாச் சுற்றையும் நிமிர்ந்து நின்றே சுடுவேன். துப்பாக்கியின் நடுப்பகுதி என் முக்காலியில். தோளில் பதியும் பின்கட்டைக்கு அடியில் உன் முக்காலி. முன்னும் பின்னும் தாங்கல் இருந்தால் துப்பாக்கி ஆடாது. என் தலையைத் துப்பாக்கிக்குக் குனிய வைக்க வேண்டாம், துப்பாக்கி என் முகத்துக்கு வந்துவிடும். என் முறை வரும்போது உன் முக்காலியை எனக்குக் கொடுத்தால் போதும். டாரலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா.

மார்லிஸ்


லூயிஸ்டவுன்
பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆல்வின் வாயில் கேட்டது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது.

மற்றபடி நான் செய்தது தப்பென்று நினைக்கவில்லை. போட்டியில் பாதிச் சுற்று தரையில் படுத்துச் சுடுவது. தொள்ளாயிரம் கஜத்துக்கு அப்பால் இருக்கும் இரும்புத் தகட்டுக் குறியை நின்றுகொண்டு அடிக்க நினைப்பவர்கள் யாருமில்லை. முக்காலியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்து என்பதுதான் எல்லோரும் முதல் நாளே கற்பது. உயர்த்த உயர்த்த ஆட்டம். நீ மூச்சு விட்டால் துப்பாக்கிக் கண்ணாடியில் தெரியும் குறுக்குக்கோடு தகட்டை விட்டு வெளியே போய்விடும். துப்பாக்கியின் ஒவ்வொரு உதையும் உன் கழுத்துக்குப் போகும். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டுமா?

நீ கேட்கும் முக்காலி விஷயம். நீ சுடும்போது தோட்டா எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என் பைனாகுலர் அந்த முக்காலி மேல்தான் இருக்கிறது. அதை உனக்குக் கொடுத்துவிட்டால் நான் எதை வைத்துப் பார்ப்பது? கையில் பிடித்தால் அந்தத் தூரத்தில் தூசிகூடத் தெரியாது.

போன வருஷம் மூன்றாவது வந்தோம். இந்த வருஷம் முதல் இடத்துக்கு எனக்கு வாய்ப்பிருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்கவும் பிடிக்கவில்லை.

கர்ட்


வின்னெட்
மார்ச் 17

டேய் முதல் இடம்,

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. படித்ததும் உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அன்றைக்குக் குளிர் கொஞ்சம் அதிகம்.

நின்று பார்த்தால் என் பழைய முக்காலி நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை, அதனால் எனக்கென்று புது முக்காலி தேட ஆரம்பித்தேன். முதலில் சர்ச்சில் போட்டோ எடுக்கும் பெண்ணிடம் கேமரா முக்காலியை இரவல் வாங்கிப் பார்த்தேன். துப்பாக்கியை ஏற்றியதும் பிறந்த கன்றுக்குட்டி எழுந்திருப்பது மாதிரி நாலு பக்கமும் தள்ளாடியது. நடுவில் இருக்கும் தண்டை உயர்த்தினால் உயரம் கிடைக்கும் என்றாள் அவள். முக்காலி மேல் ஒற்றைக்கால் வைத்து நிற்பது போல அது. நடுத்தண்டு இல்லாததைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பில்லிங்ஸ் கடையில் இருந்த பையன் எடுத்த எடுப்பில், "மேடம், உங்களுக்கு லைட் வெயிட்டா காட்டறேன்" என்றான். நாலு அடுக்காக நீளும் கால், மடக்கினால் கைப்பைக்குள் அடங்கும். கடைசி அடுக்கு என் சுண்டுவிரல் தடிமன். "தம்பி, நான் பறவை பாக்கப் போகலை. இருக்கறதுலேயே தொடை பெருத்தது எது, அதைக் கொண்டா" என்றேன். கொண்டுவந்தான். மூன்றே அடுக்கு, கார்பன் கால். கடைசி மெல்லிய அடுக்கை இழுக்காமல், மேலே உள்ள இரண்டு தடித்த அடுக்கிலேயே என் கன்னத்து உயரம் வந்துவிடுகிறது. முக்காலித் தலையில் உருண்டை மூட்டு வேண்டாம், மட்டம் மட்டும் சரிசெய்யும் கிண்ணம் போதும் என்றேன். உருண்டை எல்லாப் பக்கமும் சாயும், எனக்குச் சாய்வது ஆகாது. என் சேணத்தை விற்று வாங்கினேன். குதிரை ஏற டாக்டர் விடமாட்டான், சேணம் சும்மா தொங்கி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கால் வைப்பதில் உன் பாடத்தைத் தலைகீழாக்கிவிட்டேன். ஒரு கால் குறியைப் பார்த்து முன்னால், இரண்டு கால் நம் பக்கம், அப்படியே சாய்ந்து முட்டுக்கொடு என்பாய். சாய்ந்தால் எனக்குக் கழுத்து மடங்குகிறது. அதனால் இரண்டு காலை முன்னால் அகட்டி, ஒன்றை என் பாதங்களுக்கு நடுவில் வைக்கிறேன். முட்டுக்கொடுக்காமல் நேராக நிற்கிறேன்.

கூட்டாளியும் கிடைத்தாயிற்று. விஷயம் தெரிந்த அன்றே, "என் முக்காலியை எடுத்துக்கோ, நான் கையிலேயே பிடிச்சுப் பாத்துக்கறேன்" என்று வந்த ஆள். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் சாப்பிடும்போது உனக்குப் புரையேறும்.

மார்லிஸ்


லூயிஸ்டவுன்
ஏப்ரல் 23

அக்காவுக்கு,

வின்னெட்டில் யார் உனக்குக் கூட்டாளியாக வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆல்வின் என்றால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அவன் கண்ணாடி போட்டும் விலைச்சீட்டைப் படிக்கத் தடுமாறுகிறவன்.

நோரீன் சனிக்கிழமைதோறும் உன்னிடம் வருவதால் பொண்டாட்டி கைச் சாப்பாடு போனாலும் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. கன்று போடும் காலத்தில் நீ தனியாக அல்லாடக் கூடாது. வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு அவள் தானாகக் கிளம்பி வருகிறாள், நான் சொல்லவில்லை. திரும்பி வரும்போது தோள்பட்டை வலிக்கிறது என்கிறாள். பாரமான வேலை கொடுக்காதே.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ரவுண்டப் மேட்டில் காற்று ஓயாது. முக்காலி ஆடாமலிருக்க முதுகுப்பையைக் கொக்கியில் மாட்டுவாய். தொங்கும் பை காற்றில் ஊசலாடி முக்காலியையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி தரையைத் தொடுகிற மாதிரி மாட்டு. சரிவில் மேட்டுப் பக்கக் காலைக் குறுக்கு. ஒவ்வொரு கால் பூட்டையும் முறுக்கிய பிறகு மேலிருந்து அழுத்திப் பார். முறுக்காத பூட்டு ஒவ்வொரு குண்டுக்கும் மெல்ல இறங்கும், கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. போட்டி நடத்தும் கிப்பிடம் பேசினேன். நல்ல மனிதர். உன்னை அவரே கூப்பிடுவார். தயவுசெய்து சண்டை போடாதே.

கர்ட்


வின்னெட்
மே 6

கர்ட்,

கிப் கூப்பிட்டார். அவ்வளவு அன்பாகப் பேசினார், எனக்கு ரத்தம் கொதித்தது.

"மார்லிஸ், உனக்காக ஒரு மேசை போட்டுடறோம். உக்காந்து சுடு. நேரக் கணக்கெல்லாம் பாக்க வேண்டாம். புள்ளியும் போடமாட்டோம், ஜாலியா வந்துட்டுப் போ" என்றார். "சாயங்காலம் எல்லாரும் கைதட்டுவாங்க" என்று வேறு சேர்த்தார்.

கைதட்டுவார்களாம்! கழுத்தில் தகடு வைத்த கிழவி மேசையில் உட்கார்ந்து சுடுவாள், எல்லோரும் ஹாட்டிஷ் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கை தட்டுவார்கள். இந்த யோசனை உன்னுடையதுதானே? அவர் மறைக்கவில்லை. உனக்கு முதல் இடம், எனக்குக் கைதட்டல். நல்லா பங்கு போட்டாயடா.

நான் அவரிடம் கேட்டேன்: "படுத்துத்தான் சுடணும்னு உங்க சட்டத்துல எழுதியிருக்கா?" காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இல்லை, நின்ன இடத்துல இருந்து எப்படி வேணா சுடலாம். ஆனா..." என்றார். "ஆனாவை வச்சுக்கோங்க, மத்தவங்களுக்குத் தர்ற அதே நேரத்தைக் குடுங்க, முதுகுல நான் சுமந்து வர்றதைத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னேன். அவர் சரி என்றார்.

எனக்கு உன் மேல் கோபம் என்று நினைக்கிறாய். கோபம் என்றால் இதற்குள் ஆறியிருக்கும். நீ என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாய், கர்ட். கூடப் பிறந்தவன் அதைச் செய்தது எனக்கு வலிக்கிறது. தோற்றால் கணக்கில் இருந்து தோற்கிறேன். கடைசியாக வந்தாலும் அந்தக் கடைசி எனக்கு வேண்டும்.

நோரீனின் தோள் நன்றாக இருக்கிறது. பாரமான வேலை கொடுக்கவில்லை.

மார்லிஸ்


லூயிஸ்டவுன்
ஜூன் 3

மார்லிஸ்,

என் பொண்டாட்டியா?!

அணிகளின் பெயரை கிப் போனில் வாசித்தபோது நான் வெல்டிங் முகமூடியோடு நின்றிருந்தேன். "மார்லிஸ் ஹவ்கென், நோரீன் ஹவ்கென். உன் குடும்பமே வருது போல" என்று சிரித்தார். பக்கத்தில் டாரல். அவனும் சிரித்தான்.

வீட்டுக்குப் போய்க் கேட்டால் அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "ஆமா, பிப்ரவரியில நீ எழுதி முடிச்சு மேசையில வச்ச கடிதத்தைப் படிச்சேன். அன்னிக்கே மார்லிஸுக்குப் போன் பண்ணிட்டேன்" என்கிறாள். அவ்வளவுதான். உப்பு வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொல்கிறாள். கன்று வேலை என்று நினைத்துச் சனிக்கிழமைதோறும் நான் அவளுக்கு ஃபிளாஸ்க்கில் காபி போட்டுக் கொடுத்தேன்!

இரண்டு பேரும் என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள். அவள் போட்டிக்கு வந்ததே இல்லை. அவளால் காற்றைக் கணித்துச் சொல்ல முடியாது. உன்னையும் கெடுத்துத் தானும் கெடுவாள்.

கர்ட்


வின்னெட்
ஜூன் 8

கர்ட்,

காபி நன்றாகவே இருந்தது. சர்க்கரை மட்டும் குறைவு.

நோரீன் கல்யாணத்துக்கு முன்பே எல்க் மான் சுட்டவள், அவள் முக்காலியும் அந்தக் காலத்தது. காற்றைக் கணிக்கத் தெரியாதா? வெள்ளைப் பனி பறக்கும் சாலையில் முப்பது பிள்ளைகளை வைத்து உயரமான பேருந்தை ஓட்டுகிறவளுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாமல் இருக்குமா? அவளைப் பற்றி இத்தனை வருஷத்தில் நீ இதைக் கேட்டதே இல்லையாம். அவள்தான் சொன்னாள், நானாகச் சொல்லவில்லை.

இரண்டு முக்காலியையும் விரித்து, பூட்டி, துப்பாக்கியை முக்காலித் தலையின் கவ்வியில் ஏற்ற எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. மற்றவர்கள் பொத்தென்று படுத்துவிடுவார்கள். நாங்கள் ஆறு கால் நட வேண்டும். எனக்கு முன் முக்காலி, அவளுக்குப் பின் முக்காலி, ஒருவர் காலில் ஒருவர் இடறாமல் இருக்க சமையலறையில் பழகினோம். என் தரையெல்லாம் முக்காலிக் காலின் கூர்முனைக் குத்து.

போட்டியில் பார்ப்போம்.

மார்லிஸ்


லூயிஸ்டவுன்
ஜூன் 29

அக்கா,

போட்டி முடிந்து வீட்டில் நோரீன் எதுவும் பேசவில்லை. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருக்கிறாள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எங்களுக்கு என்ன ஆனது என்று நீ பாதிதான் பார்த்தாய். என் முக்காலித் தலையில் இருக்கும் கவ்வி நெம்புகோல் வகை, உனக்குத் தெரியும். அது பிடிக்கும் என் துப்பாக்கியின் அடிப்பட்டையும் உன்னுடையதும் ஒரே கம்பெனி. இத்தனை வருஷமும் உன் துப்பாக்கி, என் துப்பாக்கி எது வைத்தாலும் டக்கென்று கவ்வும். டாரலின் பட்டை வேறு கம்பெனி, மயிரிழை ஒல்லி. பழகும்போது அவன் தன் முக்காலியில்தான் சுட்டான். அன்று பாறைமேட்டுச் சுற்றில் நேரமில்லை, "என்னோடதுல வை" என்றேன். நெம்புகோலை மூடினேன், சத்தம் சரியாகவே இருந்தது. நான் இழுத்துப் பார்க்கவில்லை. உன்னோடு இழுத்துப் பார்க்க வேண்டியிருந்ததே இல்லை. அவன் கையை எடுத்ததும் துப்பாக்கி வழுக்கிப் பாறையில் தலைகுப்புற விழுந்தது. துப்பாக்கி தரையில் விழுந்தால் அந்த அணி வெளியே, அதுதான் கிப்பின் சட்டம். டாரல் என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் கடைசிச் சுற்றில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று உங்களைப் பார்த்தேன். நடுவர் உன்னிடம், "படுக்கலையாம்மா?" என்று கேட்டார். "படுக்க வீட்ல கட்டில் இருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நோரீன் தன் முக்காலியை உன் பின்கட்டைக்கு அடியில் நட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, தொப்பி விளிம்பையும் பைனாகுலரையும் சேர்த்துப் பிடித்தாள். இப்படிப் பிடித்தால் ஆடாது என்று எனக்குத் தெரியவே தெரியாது, அக்கா. முதல் குண்டு தகட்டுக்கு இடதுபக்கம் மண்ணைக் கிளப்பியது. எனக்குத் தெரிந்துவிட்டது, கத்த வாயெடுத்தேன். வெளியாள் சொன்னால் உங்களுக்குப் புள்ளி போய்விடும், பல்லைக் கடித்துக்கொண்டேன். "இடது. ஒரு தகடு அகலம் வலது பிடி" என்றாள் அவள். பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற குரல். இரண்டாவது குண்டுக்கு இரும்பு ஒலித்தது. மூன்றாவதற்கும். நீ கழுத்தை நிமிர்த்தி நட்ட கம்பம் மாதிரி நின்றாய். அவ்வளவு உயரத்தில் ஒரு முக்காலி அப்படி நிற்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் என்னோடு வா. என் முக்காலி உனக்கு. நான் எதை வைத்துப் பார்ப்பது என்று கேட்கமாட்டேன்.

உன் தம்பி


வின்னெட்
ஜூலை 14

கர்ட்,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புல் அறுக்கும் வேலை இருந்ததால் நீண்ட நேரம் அழ முடியவில்லை.

கடைசியிலிருந்து நாங்கள் ஐந்தாவது. எனக்கு அது போதும் என்று நினைக்காதே, போதாது. மூன்று சுற்றில் நேரம் முடிவதற்குள் இரண்டாவது முக்காலியை நடவே முடியவில்லை. ஆனால் பலகையில் எங்கள் பெயருக்கு நேரே எண் இருந்தது. நானும் நோரீனும் ரவுண்டப் ஓட்டலில் சில்லியும் சினமன் ரோலும் தின்றோம். பரிமாறிய பெண், "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள். "இல்லை, அஞ்சு டீமைத் தோக்கடிச்சோம்" என்றாள் நோரீன். வெளியே போன உங்கள் அணியையும் சேர்த்துத்தான் எண்ணினாள்.

நீ கூப்பிட்டதற்குப் பதில். வரமாட்டேன்டா. உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. எனக்குக் கூட்டாளி இருக்கிறாள். நீ என்னை விட்டுவிட்டுப் போனது மாதிரி நான் அவளை விட்டுவிட்டு உன்னோடு வந்தால், நான் உன்னிடம் கத்தியதற்கெல்லாம் என்ன அர்த்தம்? அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "போறதுன்னா போ, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்றாள். நினைப்பாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

இன்னொரு சேதி. போன வாரம் பில்லிங்ஸ் போனேன். மூன்றாவது எலும்பும் தேய்ந்திருக்கிறதாம். உதையால் இல்லை, அது முன்பே ஆரம்பித்தது என்று டாக்டர் படம் காட்டி விளக்கினார். நவம்பரில் அதையும் சேர்த்துத் திருகப் போகிறார்கள். பிறகு தலையை இடம் வலம் திருப்புவதும் பாதியாகக் குறையும். "இனிமேலாவது துப்பாக்கியை வச்சிடறீங்களா?" என்று கேட்டார். "எனக்கு எதுக்கு டாக்டர் இடமும் வலமும்? தகடு நேரா முன்னாலதானே இருக்கும், பக்கத்துல பாக்க நோரீன் இருக்கா" என்றேன். அவர் ஆபரேஷன் தேதியை எழுதிக்கொடுத்தார்.

உன்னிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு என்னைக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் வேண்டும், நோரீனுக்குப் பள்ளி இருக்கிறது. நீ வண்டியை எடுத்துக்கொண்டு வா. வழியில் மெதுவாக ஓட்டு என்று நான் சொன்னால் ஓட்ட வேண்டும், முக்காலியை எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது. அடுத்த ஜூனுக்கான பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குள் போகப் போகிறேன்.

அக்கா